இரண்டாவது குழி

மண்ணடியில் கப்பல் சாமான் விற்கும் மீரான் கடையில்
உடைந்த திசைகாட்டிகளுக்கு அடியில் கிடந்தது பெட்டி.
பச்சை வெல்வெட்டில் துப்பாக்கி வடிவில் இரண்டு குழி.
ஒன்றில் ஆள் இருந்தது.
மற்றதில் செத்த கரப்பான்.

லியேஜ் ஊர் முத்திரை. எட்டுப்பட்டைக் குழல்.
குழலின் முதுகில் தங்கக் கம்பி பதித்த எண்: 1.
ஆளைச் சுடச் செய்ததில்லை இது,
இருபத்தைந்து தப்படிக்கு அப்பால்
அட்டையில் வரைந்த வட்டத்தைச் சுடச் செய்தது.
பின்விசையை இழுத்து வைத்துவிட்டால்
முன்விசை ஒரு தும்மலுக்கே விழுந்துவிடும்.
மீரான் சொன்ன விலையில் பாதியை வீட்டில் சொன்னேன்.
அந்தப் பாதிக்கே மூன்று நாள் பேச்சில்லை.

நான் பல்செட் கட்டுகிறவன்.
ராயபுரத்து மாடிப் பட்டறையிலிருந்து
நாலு டாக்டர்களுக்குச் சிரிப்பு அனுப்புகிறேன்.
கருமருந்தின் பழைய கரியைக் காம்பின் துளையிலிருந்து
பல் கிளறும் ஊசியால்தான் எடுத்தேன்.
கடல் காற்றுக்குத் துரு என்றால் கொள்ளை ஆசை.
எம்.சி. ரோட்டுச் செருப்புக் கடைகளில்
பெட்டிக்குள் போடும் சின்னப் பொட்டலங்களை, அதான்
'தின்னாதே' என்று எழுதியிருக்குமே,
கெஞ்சி வாங்கிவந்து அடுக்குவேன்.

ஆனால் அந்தக் காலிக் குழி.
நாளெல்லாம் பல்லில்லாத வாய்களின் அச்சோடு இருப்பவனை
அது என்ன செய்யும் என்று யோசியுங்கள்.
ஒரு ஞாயிறு, வெல்வெட்டின் மேல் மெல்லிய தாள் விரித்து
அச்சு எடுத்தேன்.
ஈறு செய்யும் ரோஸ் நிறப் பிசினில்
ஒரு பொய்த் துப்பாக்கி வார்த்தேன்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
சுடாது, துருப்பிடிக்காது,
பார்க்கத்தான் சகிக்கவில்லை.

பதினோரு வருஷம். பிறகு மீரானே சொன்னான்,
கல்மண்டபத்தில் ஒரு அம்மா வைத்திருக்கிறாராம், எண் 2,
பெட்டி இல்லாமல்.
பொய்யைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

யூலேலியா ரொசாரியோ.
சுங்கத்துறையில் முப்பது வருஷம் சாமான்களுக்கு மதிப்புப் போட்டவர்.
பழைய தலையணை உறையிலிருந்து உருவி
என் ரோஸ் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தார்.
மயிரிழை பிசகவில்லை.
"எவ்வளவு?" என்றேன்.
"விலை போடுறதுதான் என் வேலை. விக்கிறது இல்ல."
கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், "உங்களது எவ்வளவு?"
நானும் தரமாட்டேன் என்பது
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.
காபி நன்றாக இருந்தது.

அப்புறம் தேர்தல் அறிவித்தார்கள்.
இது பழம்பொருள், லைசென்ஸ் வேண்டாம் என்றார் வக்கீல்.
ஏட்டு தணிகாசலம் கேட்டது ஒன்றுதான்:
"வெடிக்குமா வெடிக்காதா?"
தீபாவளிப் பொட்டுவெடி மாதிரி ஒரு கேப்பு,
அது காம்பில் உட்கார்ந்து, சுத்தியல் அடித்தால்...
"அப்ப வெடிக்கும். குட்த்துட்டுப் போ சார்."

அவர் ஒழுங்கு பிடித்த மனிதர்.
காலிக் குழி அவருக்கும் பிடிக்கவில்லை போல.
வாக்கு எண்ணி முடித்து ரசீதோடு போனபோது
அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து வைத்தார்:
ஒன்றும் இரண்டும் தலைமாறிப் படுத்திருந்தன.
"ஒரே ஜாதி சாமான்தானேன்னு ஒண்ணா வெச்சேன்,
தப்பா?"

யூலேலியா முன்னாலேயே வந்து பெஞ்சில் இருந்தார்.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
யாரும் விலை கேட்கவில்லை.
மேலே ஃபேன் கடகடத்தது, யாரோ
சைக்கிள் காணோம் என்று எழுதிக்கொண்டிருந்தார்.
பிறகு அவர் தன்னுடையதைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு
கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஏறினார்.

வீட்டில் திறந்தால்
இரண்டாவது குழியில் புதிதாய் ஒரு எண்ணெய்க் கறை.
அவர் போடும் எண்ணெய். தையல் மிஷின் வாசனை.
ரோஸ் பொம்மையை அதன் மேல் வைக்க மனம் வரவில்லை,
பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

அரசியலே பேசாதவன் நான்.
இப்போது தினமும் முதல் பக்கம் பார்க்கிறேன்,
யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள்,
ஆட்சி கவிழுமா என்று.
நேற்று டீக்கடையில் தணிகாசலத்தைப் பார்த்தேன்.
வார்டு இடைத்தேர்தலுக்கும்
வாங்கி வைப்பீங்களா ஏட்டையா?