பின்புறம் பென்சில் எழுத்து

டார்லிங்டன். சந்தை நாள்.
மழைக்கு ஒதுங்கியவர் என்றுதான் நினைத்தேன்.
திருமதி ஆல்ட்ரெட்
கைப்பையிலிருந்து ஒரு விதைப் பொட்டலத்தை எடுத்தார்,
டர்னிப் படம் போட்டது.
அதற்குள்
எட்டாய் மடித்த வெள்ளை ஐந்து பவுண்டு.

விரிக்கும்போதே என் விரல்கள் எண்ணத் தொடங்கிவிடும்:
மடிப்பு நான்கு,
துருவேறிய குண்டூசித் துளை ஒன்று,
ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல்.
இருபத்தாறு வருடமாய் இதே பிழைப்பு.
தோசையைக்கூட ஓரம் பார்த்துத்தான் பிட்கிறேன்
என்பாள் என் மனைவி.

ஒரு பக்கம் மட்டும் அச்சு.
கல்யாணப் பத்திரிகை போல் வளைந்த கறுப்பு எழுத்தில்
கேட்டவுடன் தருவதாய் ஓர் உறுதி.
விளக்கில் பிடித்தேன்.
நீர்க்குறி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது.

"மன்னிக்கவும், இது கள்ள நோட்டு."

குடையிலிருந்து தரையில் சொட்டிய நீரையே பார்த்தார்.
"நாற்பத்தாறில் அப்பா சைக்கிளை விற்றார்.
அப்புறம் வேலைக்கு நடந்தே போனார்."

போர்க்காலத்தில், ஜெர்மன் முகாமில்
கைதிகளை வைத்து அடித்தது என்றேன்.
அத்தனை நேர்த்தி;
இன்று நல்ல நோட்டின் விலைக்குக்
கொஞ்சம்தான் குறைவு என்றேன்.
ஆறுதலாகச் சொன்னேனா, வியாபாரமாகவா,
தெரியவில்லை.

திருப்பினேன்.
வெற்றுப் பக்கத்தின் மூலையில் பென்சிலில்
பொடிப்பொடியாய் ஒரு வரி:
இதை யார் தலையிலும் கட்டாதே.

"அழித்தால்?"
"முப்பது பவுண்டு கூடும்."
ரப்பர் இழுப்பறையில்தான் இருந்தது.
அவர் பஸ் நேரம் பார்த்தார்.
"வேண்டாம், எழுத்தோடேயே எடுத்துக்கொள்ளுங்கள்.
வீட்டில் பாய்லர் ஓடவில்லை."

எண்பத்தைந்து பவுண்டு கொடுத்தேன்,
நனையாத புது நோட்டுகளாய்.
ஒவ்வொன்றையும் என் விளக்கிலேயே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான்
கதவைத் திறந்தார்.
பொட்டலத்தை மறந்துவிட்டார்;
குலுக்கினால் உள்ளே இன்னும் இரண்டு மூன்று விதை.

பதிவேட்டில் எழுதினேன்:
போலி. மடிப்பு நான்கு. துளை ஒன்று.
பின்புறம் பென்சில் எழுத்து.

இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.
போன வாரம் லீட்ஸிலிருந்து ஒருவர்,
பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு.
ஒவ்வொரு முறையும்
வந்தவர் தலையை ஒருமுறை பார்க்கிறேன்.
பத்துப் பவுண்டு ஏற்றிச் சொல்கிறேன்.