நேத்து மீனா?

நள்ளிரவு பன்னிரண்டு ஐந்துக்கு
நீலப் பெட்டிக்காரன் விலையைக் குறைத்தான்.
எந்த ஊரில் உட்கார்ந்து குறைத்தானோ,
தண்டையார்பேட்டையில் என் கடை அலமாரியில்
பதினோரு பெட்டிகளும்
தலைக்கு ஆயிரத்து நானூறு
தூக்கத்திலேயே இளைத்துப் போயின.

உள்ளே இருப்பது
தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய தகடு.
பூசணம் பூக்காது, ஈ மொய்க்காது.
ஆனாலும் கெடும்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே
எதிர்க்கடை குணாளன்
ஈரத்துணியால் விலைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
நீலம் இறங்கினால் ஆரஞ்சும் இறங்கியாக வேண்டும்.
அவன் ஆரஞ்சு. நான் நீலம்.
நடுவில்
துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள்
ஊர்ந்து ஊர்ந்து போகும் சாலை.
ஒன்று நகர்ந்தால் அவன் விலை தெரியும்,
அடுத்தது வந்து நின்றால் மறையும்.

ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் என்றிருந்தது.
நான் ஏழாயிரத்து எழுநூறு எழுதினேன்.
லாரி.
அவன் அறுநூறு, கூலர் ஃபேன் இலவசம்.
லாரி.
வாங்கினது ஒன்பதாயிரத்து நூறு, பியூலா
என்றது கால்குலேட்டர்.
அதைக் கவிழ்த்து வைத்தேன்.

பதினோரு மணிக்கு மீன்பாடி வண்டியில் வந்தார்
காசிமேட்டில் ஏலம் கூறும் அந்தோணிராயன்.
மகள் கட்டட வரைபடம் படிக்கிறாள்,
வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர்
ஒரு மாடிப்படி வரையவே மூச்சு வாங்குகிறது.
பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பினார்.
செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல
ஓரத்து சீலை நகத்தால் நெருடினார்.
"இது நேத்து மீனா, இன்னிக்கு மீனா?"

முப்பது பேர் இந்தக் கடைக்கு வந்து
எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்டிருக்கிறார்கள்.
இதை ஒருவரும் கேட்டதில்லை.

"புதுசு வர்ற மாசம் வருதுண்ணே."
"அப்போ ஐஸ் உருகினு கீது" என்றார்.
கோபமில்லை. தொழில்.

"இதுல ஆறு, அதுல நாலு. இன்னாம்மா அது?"
உள்ளே வேலை நடக்கிற அறைகள் என்றேன்.
நாலு அறை இருப்பது மலிவு என்றேன்.

இரண்டும் ஒரே வார்ப்பு என்று சொல்லவில்லை.
ஆறில் இரண்டு பழுதானால்
பூட்டிவிட்டு நாலு என்று விற்பார்கள்.
மலிவுக்கு ஆள் பெருகினால்
நல்ல அறையையும் பூட்டுவதுண்டு.
கொருக்குப்பேட்டையில் எங்கள் ஸ்டோரின் மாடியில்
இரண்டு அறை பூட்டியே கிடக்கிறது.
ஜன்னல் உண்டு, ஃபேன் உண்டு.
திறந்து விட்டால் மற்ற வாடகை இறங்கிவிடுமாம்.
அதற்கு நேர்கீழே
நாங்கள் ஐந்து பேர்
கால் நீட்ட முறை வைத்துத் தூங்குகிறோம்.

"ஆரஞ்சே குடு" என்றார், கடைசியில்.
பழைய போர்டு ஆரஞ்சுக்காரனுடையது.
இவன் கால் அவன் செருப்பில் நுழையாது.

இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து
சாலையைக் கடந்தேன்.
குணாளன் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான்.
"சாயங்காலம் குடு. ஐம்பது ரூபா நீ வெச்சுக்கோ."
அவனுக்கும் எனக்கும் சரக்கு
ஒரே டெம்போவில்தான் வருகிறது.
நீலமும் ஆரஞ்சும்
ரிச்சி தெருவிலிருந்து இங்கே வரும்வரை
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டு வரும்.

அந்தோணிராயன்
ஐஸ் பெட்டியின் மேல் சாக்கை விரித்து
அதன்மேல் வைத்தார்.
"நனையும்ணே."
"வீடு போய்ச் சேர்ற வரிக்கும் கெடாது" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை,
வண்டி கிளம்பிவிட்டது.

அலமாரியில் பதினோரு நீலம்.
பலகையில் எழுநூறை அழித்தேன்.
சாக்பீஸ் கையில் இருக்கிறது.
எதிரே ஒரு லாரி
நகரமாட்டேன் என்கிறது.