ட்றைவர் இல்லை

பெரும்போகத்து நெல் ஏற்றிய லொறிகள்
சம்மாந்துறை மில் வாசலில் தொடங்கி
அம்பாறை றோட்டு வளைவு வரைக்கும் நிற்கின்றன.
எடைமேடைக் கணினி ராவோடு ராவாக மௌத்து.
"ஒள்ளுப்பம் கெதியாப் பாருங்க மிஸ்" என்கிறார்
கணக்கர் பேரின்பராசா.
காதில் ஒரு பேனை, அதைத் தேடுகிறது கை.

இரண்டு கணினி கொண்டு வந்திருந்தேன்.
கல்முனையில் ஒரே கடையில் ஒரே விலைக்கு எடுத்த
பழைய இரட்டைப் பிள்ளைகள்.
ஒன்றுக்குக் கட்டற்ற லினக்ஸ்.
மற்றதுக்கு, ஹாஜியாரின் மகன்
கொழும்பில் வருடச் சந்தா கட்டி வாங்கித் தந்த லினக்ஸ்.
கட்டற்றது, காசு கட்டியது:
தமிழில் இரண்டுக்கும் ஒரே முடிச்சு.
எந்தப் பக்கம் அவிழும் என்பது
நிறுவிப் பார்த்தால்தான்.

கட்டற்றது, என்ன மொழி என்று கேட்டது.
தமிழ் என்றேன்.
பிளேன்டீ ஆறமுதல் நிறுவி முடித்து
துடைத்த முகத்தோடு வந்து நின்றது,
வைஃபை மட்டும் இல்லாமல்.
அட்டை உள்ளேதான் கிடக்கிறது.
அதை எழுப்பும் கோப்பு
செய்த கம்பனியின் பூட்டுக்குள்.
பூட்டிய எதையும் தன் பையில் வைப்பதில்லை என்று
இதற்கு ஒரு பிடிவாதம்.
மதிக்கிறேன்.
ஆனால் வெளியே இருபத்தாறு லொறி.

காசு கட்டியது பதிவிலக்கம் கேட்டது,
பிழையாக அடித்தேன், திரும்பக் கேட்டது.
மறுகா எல்லாம் ஒழுங்கு.
வைஃபை தானாகப் பிடித்தது.
மூலையில் தூசு குடித்துக் கிடந்த பிரிண்டரைப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
பேரின்பராசா கைதட்டினார்.
எடைமேடைக் கேபிளைச் செருகினேன்.
பார்க்காததுபோல் இருந்தது.
அந்தப் பழைய சில்லு
அதன் பட்டியலில் இருந்து எப்போதோ நீக்கப்பட்டதாம்.
சந்தாவோடு வந்த நம்பருக்கு எடுத்தேன்.
நல்ல குரல், நல்ல ஆங்கிலம்.
ஒரு முறைப்பாட்டு எண்.
நான்கு மணித்தியாலத்துக்குள் அழைப்பார்கள்.

"ட்றைவர் இல்லை" என்றேன் சத்தமாக, எனக்கே.
யன்னலுக்குள் ஒரு தலை நீண்டது:
"ஆர் சொன்ன இல்லையெண்டு?
நான் விடியச்சாமத்திலிருந்து இஞ்சதான் நிக்கன்!"
மத்தியமுகாமிலிருந்து நெல் கொண்டுவந்த குகதாசன்.
சிரித்துச் சிரித்துக் கேபிளைப் பிடுங்கி
கட்டற்றதில் செருகினேன்.

கறுப்புத் திரையில் ஒரேயொரு வரி.
மேடையில் குகதாசனின் லொறி.
8420.
அவர் கதவைத் திறந்து குதித்தார்.
8350.
"என்ட எழுபதையும் நெல்லெண்டே போட்டிரிக்கலாமே மிஸ்!"

அந்தச் சில்லுக்கு நிரல் எழுதினவரின் பெயர்
கோப்பின் தலையில் இருக்கிறது,
இப்போது வேலை செய்யாத ஒரு மின்னஞ்சலோடு.
எந்த நாடோ.
கூலிக்கு எழுதினாரோ, தூக்கம் வராமல் எழுதினாரோ.
சம்மாந்துறையில் ஒரு தராசு இருக்கிற சங்கதி
அவருக்குத் தெரிய நியாயமில்லை.
அவர் ஏறினாலும் இறங்கினாலும்
மேடையில் எண் மாறாது.

கட்டற்றதை எடைமேடைக்கு வைத்தேன்,
அதுக்கு வைஃபை எதற்கு.
யன்னல் வழியே ஒரு நீள வயர் போதும்.
காசு கட்டியது பிரிண்டரோடு கணக்கர் மேசைக்கு.
ஹாஜியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.
"இதுக்கு அடுத்த வருசமும் காசு கட்டணுமா?"
"கட்டணும்."
"அதுக்கு?"
"ஒண்டும் வேணாம்."
அவருக்கு அது பிடிக்கவில்லை.
"அப்ப அது பழுதாப் போனா ஆரை ஏசுற?"

நல்ல கேள்வி.
சந்தாவுக்குள் அதுவும் அடக்கம்தான்,
ஏசுவதற்கு ஒரு ஆள்.
"என்ட நம்பரைக் குறிச்சுக்கொள்ளுங்க" என்றேன்.
ரசீதின் பின்புறம் எழுதினார்:
ஸில்மியா, லினக்ஸ் ட்றைவர்.

கொழும்பிலிருந்து திரும்ப அழைத்தார்கள்,
சொன்ன நேரத்துக்குக் கால் மணி முந்தி.
பதினெட்டாவது லொறி மேடையில் ஏறிக்கொண்டிருந்தது.
அந்த இரைச்சலில்
மன்னிப்புக் கேட்கிறார்களா, வழி சொல்கிறார்களா,
எனக்கு விளங்கவில்லை.