இரண்டு கிலோபைட்

சனிக்கிழமை கல்யாணம்.
வியாழன் இரவு ஒன்றும் திறக்கவில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள்,
ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பூட்டு.
உங்கள் சந்தா முடிந்துவிட்டது என்றது லப்டொப்,
வெகு மரியாதையாக. டொலரில் கேட்டது.
என் சம்பள அட்டை கடல் தாண்டாது.
வங்கியில் கேட்டால் ஒரு படிவம் தருவார்கள்,
திங்கட்கிழமை.

கொரேரா மெல்பேர்ன் போவதற்கு முன்
மூன்று வருசம் இருந்து தட்டியது அத்தனையும்.
கொட்டாஞ்சேனையில், மாடி அறையில்,
ஒரே வரியை இருபது தரம் ஓடவிட்டு
"இதில ஜீ செவன், கேட்குதா?" என்பார்.
கேட்டது எங்கள் காது.
தட்டியது அவர் விரல்.
பூட்டு மட்டும்
நாங்கள் ஒருநாளும் காணாத யாரோ ஒருவருடையது.

நோட்பேடில் திறந்து பார்த்தேன்.
சதுரம், சதுரம், கேள்விக்குறி,
தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏதோ ஓர் எழுத்து, சதுரம்.
அவற்றின் நடுவில் கொரேரா என்ற பெயர் மட்டும் முழுசாக,
கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று
கை காட்டுகிற ஆள் மாதிரி.

மெல்பேர்னில் விடிந்ததும்
தேடிப்பிடித்து நாற்பது பாட்டு அனுப்பினார், பிடிஎஃப்பாக.
நல்ல மனுசன்.
ஆனால் நிரஞ்சலாவுக்குத் தடிமன்,
ஒரு கட்டை இறக்கச் சொல்கிறாள்.
பூட்டுக்குள்ளே அது ஒரேயொரு சொடுக்கு.
அச்சடித்த தாளில் எப்படி இறக்க?
போட்டோவில் இருப்பவரிடம்
கொஞ்சம் குனியுங்கோ என்று சொல்வதா?

துவான் ரிஸ்லிக்குக் கோர்ட்ஸ் தெரியாது.
கோர்ட் என்றால்
புதுக்கடைக்கு எந்த பஸ் என்று கேட்பான்.
ட்ரம்ஸ்காரன்.
ஒன்பது வருசம், நாலு போன்,
எல்லாவற்றுக்கும் கூடவே வந்த ஒரு வெறும் எழுத்துக் கோப்பு:

*முன்னுக்கு 4. பாட்டு 16.
சேர் தலையாட்டுவார், 2 சும்மா.
திரும்ப 16.
பொண்ணு மேடைக்கு வரும்வரை சுத்து.
நிப்பாட்டு.*

இதைப் பார்த்து நாங்கள் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்.
இரண்டு கிலோபைட்.
என் லப்டொப்பில் திறந்தது.
நிரஞ்சலாவின் தம்பியின் உடைந்த போனிலும் திறந்தது.

வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து,
கொம்பனித்தெருவில் அவன் வீட்டு முன்னறையில்
அவன் எண்ணினான், என் விரல் தேடியது.
"எட்டாவது கட்டத்தில என்ன?"
"தெரியாது. ஆனா அதில நீங்க
முகத்தைச் சுழிப்பீங்க."
அப்படியென்றால் டிமினிஷ்ட்.
எழுதிக்கொண்டேன்.
இரண்டு மணிக்குப் பிளேன்டீயும் முடிந்தது,
முப்பத்தொரு பாட்டு இருந்தது.

வத்தளை மண்டபத்தில், மூன்றாவது பாட்டில்,
நான் ஒரு வாசலால் போனேன், பேஸ் இன்னொரு வாசலால்.
இரண்டு கட்டம் இருட்டு.
பெண்ணின் மாமா நிறுத்தாமல் ஆடினார்.

இப்போது இரவில் நானே தட்டுகிறேன்.
கோடு, எழுத்து, கோடு, எழுத்து.
அழகில்லை, அதை மறைக்க மாட்டேன்.
போனில் பார்த்தால் வரிசை கோணும்.
கொரேராவின் பக்கங்கள் அச்சுப் புத்தகம் போல இருக்கும்,
தானாகவே தாளம் போட்டுக் காட்டும்,
சில இரவு அதற்காக மனம் அடித்துக்கொள்ளும்.
டொலர் இறங்கினால் கட்டிவிடுவேனோ என்னவோ.

எண்பத்தெட்டு முடிந்திருக்கிறது.
பூட்டிய அறுநூற்றுப் பன்னிரண்டையும் அழிக்கவில்லை.
அவற்றுள் அவர் பெயர் நிற்கிறது.

மூன்றாவது பாட்டின் அடியில்
ரிஸ்லி போடச் சொன்ன ஒரு வரி:
*இந்த இடத்தில பிழைச்சது. பரவாயில்லை,
மாமா ஆடினார்.*