சட்டைக்கை

நவம்பர் முழுக்க ஹாக்கி கிடையாது.
ஆர்ப்ரோத்தில் கடலிலிருந்து மழை குறுக்காக அடிக்கிறது.
எங்களை உள்ளரங்கில் நிறுத்திவைத்து
சமூக நடனம் பழக்குகிறார் மிஸ் இம்ரி.
பாட்மின்டன் கோட்டுக்கு அந்தப் பக்கம் பையன்கள்
இந்தப் பக்கம் நாங்கள்
நடுவே வலை மட்டும்தான் இல்லை.

"ஜோடி சேருங்கள்" என்றதும்
எல்லோருக்கும் ஷூ நாடா அவிழ்ந்துவிடுகிறது.

எனக்கு வாய்த்தவன் ஸ்ட்ரூவன்.
சனிக்கிழமைகளில் அப்பாவின் புகைக்கூடத்தில்
ஹாடக் மீன்களை ஜோடி ஜோடியாக
வால் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுபவன்.
எந்தச் சோப்புக்கும் போகாத வாடை.
ஸ்வெட்டரின் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
அவனும் இழுத்துவிட்டுக்கொண்டான்.
என் கையில் என்ன வாடை என்று
அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

கம்பளியைக் கம்பளி பிடித்துக்கொண்டு
ஆறு வாரம் இரண்டு ஸ்வெட்டர்கள் ஆடின.
"கையைப் பிடித்தானா?" என்றாள் அம்மா.
"ஸ்வெட்டர் கையை."
தமிழில் அதற்கும் கை என்றுதானே பெயர்,
பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் மொழியில் கைப்பிடித்தவன் என்றால் புருஷன்.
இங்கே எட்டு எண்ணினால் ஆள் மாறிவிடும்.

*

டிசம்பர். நடன இரவு. முதல் பாதி டிஜேவுக்கு.
இது எனக்கு நன்றாக வரும்.
பதினைந்து வினாடி அசைவுகள்,
குளியலறைக் கண்ணாடி முன் கதவைத் தாழிட்டுப் பழகியவை:
தோள், இடுப்பு, மணிக்கட்டு, முடியை ஒரு வீச்சு.
இதற்கு யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்.
யாரும் கூப்பிடவில்லை என்பதும் வெளியே தெரியாது.
இதைப் போய் நான் குறை சொல்லமாட்டேன்.
யாராவது தேர்ந்தெடுக்கட்டும் என்று
சுவரோரம் நின்று கால்கடுப்பதைவிட
நீல வெளிச்சத்தில் நூறு பேரோடு தனியாகக் குதிப்பது
எவ்வளவோ கருணை.

வட்டத்தின் அந்த முனையில் இஷ்பெல்லும் குதித்தாள்.
செப்டம்பரிலிருந்து பேச்சில்லை.
ஃபோனில் நான் அவளை பிளாக் செய்திருக்கிறேன், அவள் என்னை.
அதே தோள், அதே இடுப்பு, அதே வீச்சு.
அந்தக் குளியலறை அவள் வீட்டுடையது.

*

பிறகு அக்கார்டியன்.

வில்லோப் பட்டை உரித்தல் என்று பெயர் அந்த ஆட்டத்துக்கு.
நீளமாக இரண்டு வரிசை.
தலையிலிருந்து வால்வரை
ஒரு முழங்கையிலிருந்து அடுத்த முழங்கைக்கு
கைமாற்றுக் காசைப் போல ஆளைக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள்.
பத்திரம் இல்லை. வட்டி இல்லை.
வலக்கை ஸ்ட்ரூவனுக்கு, இடக்கை வரிசைக்கு,
மறுபடி ஸ்ட்ரூவன், மறுபடி வரிசை.
என் உடுப்போ கையில்லாத உடுப்பு.
இழுத்துவிட ஒன்றுமில்லை.

பையன்களில் பாதிப்பேர் கார் நிறுத்துமிடத்தில்.
ஆள் போதாமல் அவர்கள் வரிசையில் நின்றவள், ஆறாவதாக,
இஷ்பெல்.

தளர்த்திப் பிடித்தால் இந்த வேகத்தில்
ஆளுக்கொரு சுவரில் போய் விழுவோம்.
பிடித்தாள். பிடித்தேன்.
அவள் மணிக்கட்டில் எலும்பு எங்கே துருத்தும் என்று
என் கட்டைவிரலுக்கு ஞாபகம் இருந்தது.
என்னவோ சொன்னாள், அக்கார்டியன் விழுங்கிவிட்டது.
ஒரு சுற்று. அதற்குள் கைவிட்டாள்.
ஆட்டத்தின் விதி அது.
குற்றம் எதுவும் ஒட்டாத அந்தச் சொல்லை
நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஏழாவது ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

*

காரில் ஏறியதும் அம்மா மோப்பம் பிடித்தாள்.
"என்னடி இது, மீன் வாடை?"
உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன்.
புகை. வனிலா. எவனோ அப்பாவிடம் திருடிய ஷேவிங் லோஷன்.
எது யாருடையது என்று பிரிக்க வரவில்லை.
ஃபோன் மடியில் கிடந்தது.
திங்கட்கிழமை ஹாக்கி இருக்கும் என்றிருக்கிறார் மிஸ் இம்ரி,
மழை விட்டால்.