மேற்படி

எங்கள் கல்லூரிச் சட்ட ஆய்விதழ்
ஆண்டுக்கு இருமுறை வரும் என்று
அட்டையில் போட்டிருக்கிறது.
போன வருஷத்து ஆடி இதழுக்கு
இந்தக் கார்த்திகையில் மெய்ப்புப் பார்க்கிறேன்,
பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால்
கொம்பையா அச்சகத்தில்,
மை ஒட்டிய ஸ்டூலில்.

ஏழு கட்டுரை.
ராதாபுரத்துக் காற்றாலைகள் பற்றி ஒருவர்:
நிலத்தைக் குத்தகைக்கு விட்டவன்
காற்றையும் சேர்த்தா விட்டான்?
இருபத்தாறு பக்கம் கேட்டுவிட்டு
மேலும் ஆய்வுக்குரியது என்று முடிக்கிறார்.
ஆற்று மணல் பற்றி ஒன்று.
அரசு அதன் உடைமையாளர் அல்ல,
காப்பாளர் மட்டுமே என்பது வாதம்.
(வாசலில் ஒரு லாரி
ஈரம் சொட்டிக்கொண்டு நிற்கிறது.
அதை அடிக்குறிப்பில் சேர்க்க வழியில்லை.)
பிறகு தத்துப்பிள்ளையின் பாகம்,
தனிநபர்த் தரவு,
அணுவுலை விபத்தில் நட்டஈட்டுக்கு உச்சவரம்பு,
பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே
சட்டம் போட்ட சுண்ணாம்புக் கோடு.

ஏழாவது ஜன்னத் ரிஸ்வானாவுடையது.
மேலப்பாளையம். முதுநிலை இரண்டாமாண்டு.
‘தொழிலாளி’ என்னும் சொல்லின் வரையறை:
பீடித் தொழிலை முன்வைத்து.
ஒற்றுப்பிழைகூட இல்லை.

பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்
(எனக்குத் தெரியும். வண்ணார்பேட்டை, சர்க்கரை வியாதி)
அடியில் நாலு வரியைச் சுழித்திருந்தார்:

43. கம்பெனி பாஸ்புக், மம்மாத்து பீவி பெயரில்.
44. மேற்படி.
45. மேற்படி.
46. மேற்படி, ஆனால் வேறு கை.

ஓரத்தில் சிவப்பில்:
‘வேறு கை என்றால் யார் கை?
சான்று இல்லை. நீக்குக.’

பத்திரங்களில் வளர்ந்த சொல், மேற்படி.
மேற்படி நஞ்சை.
மேற்படி கிணற்றில் கால் பாத்தியதை.
மேற்படியார் மனைவி.
ஒருதரமாவது பெயர் எழுதப்பட்டவருக்குத்தான்
மேற்படி ஆகும் யோகம்.

மணி ஒன்பதரை. போன் போட்டேன்.
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
“உம்மா இப்பத்தான் தட்டை எறக்கி வச்சா சார்.”
பின்னால் யாரோ இருமினார்கள்.

“பாஸ்புக்கு பக்கத்து வீட்டம்மா பேர்ல இருக்கு.
இலை வெட்டுறது, சுத்துறது, கட்டுறது எல்லாம்
எங்க உம்மா. பதினோரு வருஷமா.”

அந்தம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கலாமே?

“அவங்க மௌத்தாயி ஆறு வருஷம் ஆச்சு சார்.
இன்னைக்கும் அவங்க பேருக்கு ஆயிரம் எறங்குது.
கழிவு போக தொள்ளாயிரத்து நாப்பது.”

பதினெட்டு வருஷமாய்த்
தொழிலாளர் சட்டம் நடத்துகிறேன்.
கபரில் இருப்பவள் தொழிலாளி:
வைப்புநிதி எண் உண்டு, வருகை உண்டு,
ஒருநாள்கூட விடுப்பில்லை.
இருமுகிறவள் யார்?
கட்டுரையும் அதைத்தான் கேட்கிறது,
முப்பத்தொன்றாம் பக்கத்தில்,
ரொம்ப மரியாதையாக.

“உம்மா பேரைப் போட்டிரலாமாம்மா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
மின்விசிறியா இலையா, ஏதோ சலசலத்தது.

“போட்டா ஏஜெண்டு புக்கைப் பிடுங்கிருவான் சார்.
மம்மாத்து பீவிங்கறதே
நானா வச்ச பேருதான்.”

மெய்ப்பு என்றால்
மெய்யாக்குவது என்று
முதலாண்டுப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.
சொன்ன வாயைத் துடைத்துக்கொண்டேன்.
மை.

அடித்ததை மீட்க
அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு:
வரிக்குக் கீழே புள்ளி புள்ளியாய் வைத்து
பக்கத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவது.
வைத்தேன். எழுதினேன்.
பேனா ஒருமுறை நின்று
மறுபடி ஓடியது.

கொம்பையா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
“எது சார் இருக்கட்டும்,
மேற்படியா, வேறு கையா?”

ரெண்டும்தான்.

“பக்க எண் போடலியே?”

இல்லை என்றேன்.
வெளியே லாரி போய்விட்டிருந்தது.
அது நின்ற இடத்தில்
தார் ரோடு இன்னும் காயவில்லை.