நடு ஏரியில்

ஓலுவில் பனி கொட்டுகிறது.
ரொட்டி ஆலை ஓய்வறையில்
மாவு படிந்த கைப்பேசியோடு ஹில்க்கா.
எழுத்தில் வேடம் கட்ட
துணை தேடுகிறாள்.

முதலில் வந்தவன் அழகாகத்தான் எழுதினான்.
மூன்றாம் வரியிலேயே
அவளுடைய ராணியை அழவைத்துவிட்டான்.
“என் ராணி எப்போது அழுவாள் என்பது
என் பாடு.”
அவனை அனுப்பிவைத்தாள்.

அடுத்து, தார்த்துவிலிருந்து உர்வே.
வரிக்கு வரி பிழை.
ஆனால் கேட்டாள்:
“உங்கள் கோட்டைக் கதவை நான் தட்டலாமா,
இல்லை நீங்களே திறப்பீர்களா?
வாள் எவ்வளவு ஆழம் இறங்கலாம்?
எதைத் தொடவே கூடாது?”

பதில் தட்டப்போன விரல் நின்றது.

மூன்று குளிர்காலத்துக்கு முன்
பிர்கிரின் படகோட்டியை
நடு ஏரியில், துடுப்பு ஓங்கிய கையோடு
விட்டுவிட்டு வந்தவள் இவள்.
போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.
பெரிய காரணமெல்லாம் கிடையாது.
சலித்துவிட்டது, அவ்வளவுதான்.

உர்வேயிடம் ஒருநாள் அவகாசம் கேட்டாள்.
பழைய உரையாடலைத் தேடி எடுத்து எழுதினாள்:
“அவனைக் கரை சேர்க்கலாமா?
நீங்களே நீந்திப் போயிருந்தால்
அதுவும் நியாயம்தான்.”

அடுப்பு மணி அடித்தது.
கையுறை மாட்டிக்கொண்டே
ஒருமுறை குனிந்து பார்த்தாள்.
ஒற்றை டிக்.